உன் கட்டிலுக்கடியில் வைத்த குப்பிகள்

கண்ணா,

ஆசீர்வாதமெல்லாம் கடைசியிலே. எப்பவும் அதை முதல்லே எழுதி, ஊர் விசேஷம் நாலு எழுதி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே காகிதத்தை மடிச்சுடறேன். இந்தத் தடவை தலைகீழா எழுதறேன், கோபிச்சுக்காதே. மத்தியானச் சாப்பாடு ஆச்சு. உங்கப்பா உள்ளே தூங்கறார். அவர் முழிச்சுக்கறதுக்குள்ளே எழுதி முடிக்கணும்னு இல்லை, முழிச்சுண்டாலும் எழுதத்தான் போறேன்.

வடசேரியிலேர்ந்து அப்பாவுக்கு ஒரு காகிதம் வந்தது. மதராஸுக்கு உன்னைத் தேடிண்டு வந்து, உன்னோட உக்காந்து காப்பி சாப்பிட்டுட்டுப் போனாரே, உனக்குப் பார்த்த பெண்ணோட அப்பா, அவர்தான் எழுதியிருக்கார். நீ அவருக்குப் போட்ட பதிலையும் அதுக்குள்ளேயே வெச்சு அனுப்பியிருக்கார். 'சிறு வயது முதலே நோய்வாய்ப்பட்ட தேகம். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பாழாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.' அடப் பாவி, எத்தனை அழகா எழுதியிருக்காய்! அவர் கேக்கறார்: 'பையனைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்? இரண்டு மாடி ஏறி எனக்குக் குடை எடுத்து வந்தான், மூச்சுக்கூட வாங்கவில்லை. என்ன வியாதி என்று ஒரு வரி எழுதினால் போதும். என் பெண்ணிடம் சொல்லி அவள் மனசுப்படி செய்கிறேன்.' நல்ல மனுஷர். உங்கப்பா அதைப் படிச்சுட்டு, "ஏதாவது எழுதிப் போடேன். ஈளை, இழுப்புன்னு எழுது. அதை யாரும் துருவிக் கேக்க மாட்டா"ன்னார். சொல்லிட்டுச் சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்துண்டார். நானும் பேனாவை மையிலே தோச்சு எழுத உக்காந்தேன். 'ஈ'ங்கிற எழுத்து வரைக்கும் எழுதினேன், சத்தியமா. அப்புறம் அதைக் கிழிச்சு அடுப்பிலே போட்டேன்.

கேட்டயோ, உனக்கு ஒரு தீனமும் கிடையாது. நீ இருக்கிற ஊர்லே சீக்குங்கறா, நம்ம தெருவிலே தீனம். எந்தப் பேரிலே சொன்னாலும் உனக்கு அது இல்லை. என்னிக்கும் இருந்ததில்லை. நான் சொன்ன பொய்யாக்கும் அது. இருபத்திநாலு வருஷமா நீ தூக்கிண்டு அலையறது உங்கப்பாவோட தீனம். இதை எழுதிட்டேன். இனிமே மீதியை எழுதறது அவ்வளவு கஷ்டமில்லை.

உனக்கு அப்போ மூணு வயசு. உங்கப்பாவுக்கு விஷஜுரம் வந்து நாற்பது நாள் படுத்துட்டு எழுந்தார். கால் நிக்கலை, சோறு இறங்கலை. சாலைக்குத் திரும்பற வழியிலே கடை வெச்சிருந்தாரே மலையாள வைத்தியர், அவர் நாடி பார்த்துட்டு அரிஷ்டம் கொடுத்தார். வெல்லமும் மூலிகையும் பானையிலே மாசக்கணக்கா ஊறிப் புளிச்சு, போதை ஏறினது, வேளைக்கு ஒரு அவுன்ஸ் கொடுத்தா பசி எடுக்கும்னார். எடுக்கத்தான் செஞ்சது. கச்சேரிக்குத் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒரு அவுன்ஸ் ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, அவுன்ஸ் கிளாஸைத் தூக்கிப் போட்டுட்டுக் காப்பி டம்ளராச்சு. ரெண்டாவது குப்பி வாங்க நான்தான் போனேன், உன்னை இடுப்பிலே வெச்சுண்டு. வைத்தியர் ஒவ்வொரு குப்பியிலேயும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, தீனக்காரன் பேரை எழுதித்தான் கையிலே தருவார். "ஆருடெ பேருக்கு அம்மா?"ன்னார். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? தலை போனாலும் சொல்லக் கூடாதுன்னு வளர்த்திருக்காளே. வேற எடத்திலேன்னா பக்கத்திலே நிக்கிற யாராவது எனக்காகச் சொல்லுவா. அன்னிக்கு யாரும் இல்லை. நீ என் தாலிச் சரட்டைப் பிடிச்சு இழுத்து விளையாடிண்டிருந்தாய். "இவன் பேரையே எழுதுங்கோ"ன்னேன். அவ்வளவுதான் நடந்தது. வெட்கத்திலே வாயிலேர்ந்து வந்த ஒரு பேச்சு.

திரும்பி வரப்போ எதிராத்து மாமி குப்பியை வாங்கிப் பார்த்தாள். "குழந்தைக்கா? அடடா, என்ன உடம்புக்கு?"ன்னாள். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் உங்கப்பா கச்சேரியிலேர்ந்து போதையிலே சுவரைப் பிடிச்சுண்டு நடந்து வந்தார். "கொஞ்சம் சோகை, மாமி"ன்னு சொன்னேன். சொன்னவுடனே எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாரு, அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் என் மேலே எனக்கே அருவருப்பா இருக்கு. உன் அக்காவை அப்போதான் ஸ்ரீவராகத்திலே கொடுத்திருந்தோம். அவளை இன்னும் புக்ககத்துக்கு அனுப்பலை. அக்ரஹாரத்திலே குடின்னு ஒரு வார்த்தை கிளம்பினா, அவளை அவாத்திலே அழைச்சுண்டு போவாளா? நம்மாத்திலே யாராவது ஒரு வாய் தீர்த்தம் சாப்பிடுவாளா? அந்த பயம் எனக்கு. ஒரு குழந்தைக்கு வழி பண்ணறதுக்கு இன்னொரு குழந்தையைப் பலி கொடுத்தேன்னு அப்போ தோணலை. சாமர்த்தியம் பண்ணிட்டேன்னு நினைச்சேன்.

காலிக் குப்பியை எங்கே வைக்கறது? கிணத்தடியிலே வெச்சா கண்ணுலே படும், குளத்திலே போட்டா மிதக்கும். உன் கட்டிலுக்கடியிலே அடுக்கினேன். வந்தவா எல்லாம் குனிஞ்சு பார்த்துட்டு, "ஐயோ பாவம், இத்தனையூண்டு குழந்தைக்கு எத்தனை மருந்து!"ம்பா. சந்தேகம் வரக் கூடாதேன்னு அவா முன்னாலே உனக்கு ஒரு கரண்டி ஊட்டுவேன். நீ முகத்தைச் சுளிச்சுண்டு முழுங்குவாய். தீனக்காரன்னா அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணுமே, அதனாலே கழுத்திலே பிளானல் துணி, வெயில்லே போகக் கூடாது, பள்ளிக்கூடத்திலே டிரில் வேண்டாம்னு வாத்தியாருக்குச் சீட்டு. மத்தப் பசங்க பழையது சாப்பிட்டுட்டு ஓடறப்போ உனக்குக் கஞ்சி. கஞ்சியே குடிச்சா எந்தக் குழந்தைக்குத்தான் சதை வைக்கும்? விலா தெரிஞ்சது. விலா தெரியறதுன்னு தெரு சொல்லித்து. நானும் ஆமாம்னேன். வைத்தியர் ஒரு நாள், "அம்மா, இது கொச்சுக் குட்டிக்குக் கொடுக்கிற அளவல்ல, கேட்டோ. ஒரு ஸ்பூண் மதி"ன்னார். சின்னக் குழந்தைக்கு ஒரு ஸ்பூனே போதுமாம். "வாந்தி எடுத்துடறான், பாதிதான் தங்கறது"ன்னு சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரியும். தெருவிலே பாதிப் பேருக்கும் தெரிஞ்சிருக்கும்னு இப்போ தோணறது. உன்னைத் தீனக்காரனா வெச்சுக்கறது எல்லாருக்குமே சௌகரியமா இருந்தது.

ஒன்பது வயசிலே நீ குளத்திலே நீந்தினது ஓர்மை இருக்கோ? இருக்காது, இருந்தா வேற மாதிரிதான் இருக்கும். அதனாலே நடந்ததை நான் சொல்றேன். எனக்குத் தெரியாம மத்தப் பசங்களோட கோவில் குளத்துக்குப் போயிருக்காய். யார் கத்துக் கொடுத்தாளோ தெரியாது, இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நீந்தி, எல்லாரையும் முந்திண்டு போய்ப் படியைத் தொட்டிருக்காய். எதிராத்து மாமிதான் வாசல்லேர்ந்தே கூவிண்டு வந்தாள். "உன் பிள்ளை மீனாட்டமா நீந்தறானாமே! தேறிட்டானாக்கும்? இனிமே மருந்து வேண்டாம், இல்லியோ?" நீ பின்னாலே நின்னுண்டு, தலையிலேர்ந்து ஜலம் சொட்டச் சொட்ட, சிரிச்சுண்டிருந்தாய். நான் உன்னைக் கட்டிண்டிருக்கணும். உள்ளே அலமாரியிலே அன்னிக்குத்தான் வாங்கின குப்பி, உன் பேர் போட்டது, திறக்காம இருந்தது. மாமி கேட்ட கேள்வி மட்டும்தான் என் காதிலே விழுந்தது. உன்னைத் தரதரன்னு இழுத்துண்டு போய்க் கட்டில்லே போட்டு, கம்பளியைப் போத்தி, நெத்தியிலே ஈரத் துணியைப் போட்டேன். "பார்த்தேளா மாமி, அதுக்குள்ளே காயறது"ன்னேன். மூணு வாரம் உன்னை எழுந்திருக்க விடலை. "நீந்தினதாலேதானே அம்மா ஜுரம் வந்தது?"ன்னு நீ கேட்டாய். ஆமாம்னு தலையை ஆட்டினேன். அதுக்கப்புறம் நீ குளத்துப் பக்கமே போகலை.

உனக்கு ஜுரம் இல்லைடா. உன் நெத்தி ஜில்லுன்னு இருந்தது. மூணு வாரமும் ஜில்லுன்னுதான் இருந்தது.

உனக்குப் பூணல் போட்டப்போ, சபையிலே உன்னைத் திறந்த மேலோட உக்காத்தி வெச்சோம். பொம்மனாட்டிகள் வரிசையிலே எவளோ, "எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே"ன்னாள், நாலு பேர் சிரிச்சா. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கணும். "என்ன பண்றது, அவன் உடம்பு அப்படி"ன்னேன். அன்னிலேர்ந்து நீ மேலே துணி இல்லாம நின்னு நான் பார்க்கலை. சட்டையைக் கழட்டாம இலையிலே உக்காரக் கூடாதுன்னு இருக்கிற ஆத்திலே நீ மட்டும் சட்டையோட சாப்பிட்டாய். சளி பிடிக்கும்னு நானே அதுக்கும் சாக்குச் சொன்னேன். கல்யாணப் பந்தியிலே எல்லா ஆம்பிளைகளும் வெறும் மேலோட உக்காருவா, நீ வயத்து வலின்னு ஆத்துக்கு வந்துடுவாய். பெரிய கோவிலுக்குப் போனா கிழக்கு நடையிலே எல்லாரும் சட்டையைக் கழட்டிக் கையிலே மடிச்சு வெச்சுண்டு உள்ளே நுழைவா. "நீ போய்ட்டு வா அம்மா, நான் இங்கேயே நின்னு கும்பிட்டுக்கறேன்"ன்னு சொல்லுவாய். பூணல் போட்ட நாள்லேர்ந்து மதராஸுக்கு ரயில் ஏறற வரைக்கும் நீ உள்ளே வரலை. நான் மட்டும் உள்ளே போய், என் பிள்ளைக்கு ஆரோக்கியத்தைக் கொடுன்னு பெருமாள்கிட்டே வேண்டிண்டு வருவேன். என்ன துணிச்சல் பாரேன் எனக்கு!

உங்கப்பாவைத் திட்டி எழுதறதுக்காக இதை எழுதலை. அவர் யார் மேலேயும் கை ஓங்கினதில்லை. உனக்கு அட்சரம் கத்துக் கொடுத்தது அவர்தான். குடிச்சா சிரிப்பார், ரெண்டு ராகம் முணுமுணுப்பார், படுத்துண்டுடுவார். ஒரு நாள் இல்லாமப் போனாத்தான் பார்க்கச் சகிக்காது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், என் கையைப் பிடிச்சுண்டு சின்னக் குழந்தையாட்டமா அழுவார். "இன்னும் ஒரே ஒரு குப்பி, அப்புறம் சத்தியமாத் தொட மாட்டேன்"ம்பார். அந்த அழுகையைப் பார்க்க முடியாமத்தான் நான் கடைக்கு ஓடினேன். வாங்கிக் கொடுத்துட்டு அவரையே திட்டுவேன். திட்டிட்டு மறுநாளும் வாங்குவேன். இதிலே நான் ஒரு பாவமும் அறியாதவள்னு எனக்கு நானே சொல்லிண்டிருந்தேன் பாரு, அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய பொய்.

நீ மதராஸுக்குப் போனப்போ, தெரு முழுக்க உன்னை வண்டியேத்த வந்தது. உன் வண்டி முக்குத் திரும்பறதுக்குள்ளே எனக்கு என்ன கவலை தெரியுமோ? இனிமே குப்பியை யார் பேரிலே வாங்கறதுன்னு. பிள்ளை பிரிஞ்சு போறானேன்னு வர வேண்டிய அழுகை, அதனாலே வந்தது. அடுத்த வாரமே எனக்கு முட்டி வலி, மார் படபடப்பு. என் பேர் குப்பியிலே ஏறித்து. நிறைகுடத்தை இடுப்பிலே வெச்சுண்டு கிணத்தடியிலேர்ந்து ஓட்டமா வரவளாக்கும் நான்! தெருவிலே நடக்கறப்போ சுவரைப் பிடிச்சுண்டு நடந்தேன். மூணு படி ஏறினா நின்னு மூச்சு விட்டேன். அஞ்சு வருஷம் ஆச்சு. இப்போ கதவைச் சாத்தின அப்புறமும் சுவரைப் பிடிச்சுக்கறேன். வலிக்கறதோன்னு கேட்டா வலிக்கறது. நிஜ வலி எது, நான் கட்டினது எதுன்னு எனக்கே தெரியலை. ஒரு நாள் அப்படி நிக்கறப்போதான், இருபத்திரெண்டு வயசு வரைக்கும் உனக்கு இது எப்படி இருந்திருக்கும்னு முதல் தடவையா நினைச்சுப் பார்த்தேன். சொந்த உடம்புக்குள்ளேயே காவல் போட்ட மாதிரி இருந்திருக்குமே! அந்தச் சாவி என் இடுப்பிலே இருந்தது, நான் கொடுக்கலை.

அம்மாவா உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கோ என்னவோ, இருந்தாலும் சொல்றேன். தண்டால் எடுத்துப் பயில்வானாகணும்னு கிளம்பாதே. ஒல்லியா இருந்தா ஒல்லியாவே இரு, என் அப்பாவும் ஒல்லிதான், எழுபது வயசு வரைக்கும் நாகர்கோவிலுக்கு நடந்தே போய் வந்தார். விலா தெரிஞ்சா தெரியட்டும், எல்லாருக்கும் உள்ளே இருக்கறதுதானே. ஆளில்லாத நேரமாப் பார்த்துச் சட்டையைக் கழட்டிட்டுக் கண்ணாடி முன்னாலே நின்னு பாரு. முதல்லே தெருவிலே சொன்னதெல்லாம் காதிலே கேக்கும், நான் சொன்னதும் கேக்கும். அதுக்காகச் சட்டையை மாட்டிக்காதே, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு. அந்த உடம்புதான் யாரும் சொல்லிக் கொடுக்காமலே குளத்தைக் கடந்தது. அந்த உடம்புதான் ஒரு கிழவருக்கு மாடி ஏறிக் குடை எடுத்துக் கொடுத்தது. எனக்கு அதிலே ஒரு குறையும் தெரியலை. இன்னொண்ணு, உனக்குக் குடின்னாலே பயம், காப்பியிலேகூட ரெண்டாவது டம்ளர் வாங்க மாட்டாய், எனக்குத் தெரியும். அவர் குடிக்கறது உனக்குத் தெரியும், உன் பேர் போட்ட குப்பியைன்னுதான் தெரியாது. அப்பா ரெத்தம் நமக்குள்ளேயும் இருக்கேன்னு உனக்கு உள்ளுக்குள்ளே ஒரு கிலி. அவரோட மூக்கு உனக்கு வந்திருக்கு, அவரோட சிரிப்பு வந்திருக்கு. அதெல்லாம் நல்லதுதான், வெச்சுக்கோ. மீதி அவரோடது.

இப்போ நேத்திக்கு நடந்ததைச் சொல்லிடறேன். அந்த வடசேரிக்காரருக்குப் பதில் எழுதினேன். பையனுக்கு ஒரு வியாதியும் இல்லை, குடிக்கிற வியாதி அவன் அப்பாவுக்கு, அதை மறைக்கப் பிள்ளை பேரைச் சொன்னவள் நான், அவன் எழுதினதெல்லாம் அதை நம்பி எழுதினதுன்னு எழுதினேன். குடிகாரன் ஆத்துச் சம்பந்தம் வேண்டாம்னு அவர் சொன்னாலும் சொல்லுவார். அப்படிச் சொன்னா அது எங்களுக்கு வர அவமானம், உன் உடம்புக்கு அதிலே பங்கில்லை. கவரை ஒட்டி எடுத்துண்டு தெருக்கோடி அஞ்சல் பெட்டிக்கு நானே போனேன். சுவரைப் பிடிக்கலை. நடந்த வேகத்திலே எதிராத்து மாமி வாசலுக்கே வந்துட்டாள். "என்னடி இது, உடம்பு தேவலையாயிடுத்தா?"ன்னாள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை மாமி. எப்பவும் இருந்ததில்லை. என் பிள்ளைக்கும் இருந்ததில்லை"ன்னேன். "அப்போ அத்தனை மருந்து?"ன்னாள். "எங்காத்துக்காரர் குடிச்சது"ன்னேன். தெரு நடுவிலே நின்னுண்டுதான் சொன்னேன். மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திண்டாள்.

அப்புறம் கடைக்கும் போனேன். ஏன் போனாய்னு கேக்காதே. சாயங்காலம் அவர் நடுங்குவார், எனக்கு அதைப் பார்க்கற தைரியம் இன்னும் வரலை. வைத்தியர் போய்ச் சேர்ந்துட்டார், இப்போ அவர் மகன். நான் வாய் திறக்கறதுக்கு முன்னாலேயே என் பேரை எழுதிட்டான். "அதைக் கிழிச்சுடுப்பா. வேற பேர் எழுது"ன்னேன். "ஆருடெ?"ன்னான். உங்கப்பா பேரைச் சொன்னேன். நாற்பது வருஷத்திலே என் வாயாலே சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு ஒண்ணும் இத்துப் போகலை. குப்பியைக் கொண்டு வந்து அவர் பக்கத்திலே வெச்சேன். எடுத்து வெளிச்சத்திலே பிடிச்சு வாசிச்சார். "யார் சொன்னா?"ன்னார். "நான்தான்"ன்னேன். "பேரைச் சொல்லியா?" "ஆமாம், பேரைச் சொல்லித்தான்." குப்பியை மடியிலே வெச்சுண்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். திறக்காமலே இருந்துடுவாரோன்னு எனக்கு ஒரு நப்பாசை. விளக்கேத்தற நேரத்துக்குத் திறந்தார்.

இன்னிக்குக் கார்த்தாலே நம்மாத்து வாசலுக்கு யாரும் வரலை. உன் அக்கா ஆத்திலேர்ந்து ஆள் வருமோ என்னவோ. வந்தா வரட்டும், அவளுக்கே மாப்பிள்ளை வர வயசிலே பெண் இருக்கு, அவளை இனிமே திருப்பி அனுப்ப முடியாது. உன் கட்டிலுக்கடியிலே இருந்த குப்பியெல்லாம் எடுத்து வாசல் முத்தத்திலே, போற வர எல்லாரும் பார்க்கற மாதிரி அடுக்கியிருக்கேன். கட்டிலுக்கடியிலே பெருக்கித் துடைச்சுட்டேன். லீவு கிடைச்சா வா. வந்தா கிழக்கு நடை வரைக்கும் நான் உன்னோட வரேன், உள்ளே வரதும் வராததும் உன் இஷ்டம்.

ஆசீர்வாதம் கடைசியிலேன்னு சொன்னேனே. நீ மதராஸுக்குப் போன நாள்லேர்ந்து எழுதின எல்லாக் காகிதத்திலேயும், முடிக்கறப்போ 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு எழுதுவேன். நீயும் அதை வாசிச்சுட்டுப் பிளானல் துணியைச் சுத்திண்டிருப்பாய். இதிலே அதை எழுதலை.

நன்னா இரு.

அம்மா